காரணம் ஆளுக்கொன்று, கையெழுத்து ஒரே தாளில்

போன மாதம் இங்கே மதுரையில் ஒரு கல்லூரிக் கருத்தரங்கில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். தலைப்பு, ‘அறிவியலும் ஆன்மிகமும்: பொது அறத்தை நோக்கி’. எனக்கு முன்னால் பேசியவர்கள் ஜெனீவா பக்கத்தில் செர்ன் ஆய்வு மையத்தில் 2004-ல் வைத்த நடராஜர் சிலையில் ஆரம்பித்தார்கள். அணுவுக்குள் நடக்கிற ஆட்டத்தை நம் முன்னோர் அன்றைக்கே கண்டுவிட்டார்கள் என்றார்கள். நல்ல கைதட்டல். அந்தச் சிலை இந்திய அரசு கொடுத்த பரிசு. அதைப் பார்த்து யாரும் துகளைக் கண்டுபிடிக்கவில்லை. இருந்துவிட்டுப் போகட்டும், சிலை அழகுதான். ஆனால் இரண்டையும் ஒட்டவைத்து எவ்வளவு நேரம் பேசினாலும், நாளைக் காலையில் நான் யாரிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கு அதிலிருந்து ஒரு வரி கிடைக்காது.

என் முறை வந்தபோது எனக்குத் தெரிந்த ஒரே இடத்தைப் பற்றிப் பேசினேன். ஐசியூவுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலி போட்ட வராண்டா. மேடையில் நேரம் போதவில்லை. அங்கே சொல்லாததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

ஒரு தனியார் மருத்துவமனையில் உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளராக இருக்கிறேன். அதற்கு முன் ஐசியூவில் ஸ்டாஃப் நர்ஸ். உறுப்பு மாற்றுக்கு அனுமதி பெற்ற மருத்துவமனைகளில் இப்படி ஒரு ஆள் இருக்க வேண்டும் என்பது 2011-ல் சட்டத்தைத் திருத்தியபோது வந்தது. வெளியாட்களுக்கு நான் ‘தானம் கேட்கிற அம்மா’. உண்மையில் என் நேரத்தில் கேட்பதற்குப் போவது கொஞ்சம்தான். மற்றதெல்லாம் சொல்வதிலும், காத்திருப்பதிலும், போலீஸ் ஸ்டேஷனுக்கு போன் போடுவதிலும், யாருடைய சின்ன மாமனார் இன்னும் பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிறார் என்று விசாரிப்பதிலும் போகிறது.

எங்களிடம் வருகிறவர்களில் வண்டியில் போய் அடிபட்டவர்கள் அதிகம். அதிலும் டூ வீலர். தலையில் அடிபட்டு மூளை வீங்கும். மண்டையோட்டுக்குள் வீங்க இடம் கிடையாது. அழுத்தம் கீழே இறங்கி மூளைத்தண்டை நெரித்துவிடும். மூச்சை நடத்துகிற இடம் அந்தத் தண்டில் இருக்கிறது. அது போனால் மூச்சு திரும்பாது, நினைவும் திரும்பாது. இதைத்தான் மூளைச்சாவு என்கிறோம். ஆனால் இதயம் துடிக்க மூளையின் உத்தரவு தேவையில்லை, துடிப்பைக் கிளப்பும் திசு அதற்குள்ளேயே இருக்கிறது. வென்டிலேட்டர் ஆக்சிஜனைத் தள்ளிக்கொண்டிருக்கும் வரை உடம்பு சூடாக இருக்கும், சிறுநீர்ப் பை நிறையும். சில மணி நேரம், சில சமயம் சில நாள்.

‘நெஞ்சு ஏறி எறங்குதேம்மா, எப்புடி செத்துட்டான்னு சொல்றீக?’ இதைக் கேட்காத குடும்பத்தை நான் பார்த்ததில்லை. கேட்கத்தான் வேண்டும். இதே கேள்வியைப் பெரிய இடத்திலும் கேட்டிருக்கிறார்கள். 1957-ல் மயக்கவியல் டாக்டர்கள் போப் பன்னிரண்டாம் பயஸிடம், மூளை முழுதாகப் போன நோயாளியை இயந்திரத்தில் எவ்வளவு நாள் வைத்திருப்பது, அவரை எப்போது இறந்தவர் என்பது என்று கேட்டார்கள். அசாதாரண சிகிச்சையை எப்படியாவது தொடர்ந்தே தீர வேண்டும் என்ற கடமை இல்லை, இறந்த நேரத்தைத் தீர்மானிப்பது திருச்சபையின் வேலையும் இல்லை, அது டாக்டர் சொல்ல வேண்டியது என்று பதில் வந்தது. தன் எல்லை எது என்று ஒரு மதத் தலைவர் தானே கோடு போட்டுக் காட்டியது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். பதினோரு வருடம் கழித்து ஹார்வர்டில் ஒரு குழு மூளைச்சாவுக்கு அளவுகோல் வகுத்தது. டாக்டர்கள் நிறைந்த அந்தக் குழுவில் ஓர் இறையியலாளரும் இருந்தார்.

நம் நாட்டின் உறுப்பு மாற்றுச் சட்டம் 1994-ல் வந்தது. மூளைச்சாவு என்று சொல்ல நான்கு டாக்டர்கள் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும்: மருத்துவமனையின் பொறுப்பில் இருப்பவர், வெளியிலிருந்து ஒரு நிபுணர், நரம்பியல் டாக்டர், சிகிச்சை பார்த்தவர். பரிசோதனையை ஒரு தடவை செய்தால் போதாது. குறைந்தது ஆறு மணி நேரம் விட்டு மறுபடி எல்லாவற்றையும் செய்ய வேண்டும். கண்ணில் டார்ச் அடிப்பது, கருவிழியைப் பஞ்சு நுனியால் தொடுவது, காதில் ஐஸ் தண்ணீர் விட்டுக் கண் அசைகிறதா என்று பார்ப்பது, தொண்டையில் குழாய் விட்டு இருமல் வருகிறதா என்று பார்ப்பது. கடைசியில் மூச்சுப் பரிசோதனை.

சிவகங்கைப் பக்கத்துக் குடும்பம் ஒன்று. பையனின் பெரியப்பா, வேட்டியும் துண்டுமாக, வராண்டாவில் யாரோடும் பேசாமல் நின்றுகொண்டிருந்தார். முதல் பரிசோதனை முடிந்ததைச் சொன்னபோது நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. இரண்டாவதற்கு டாக்டரே அவரை உள்ளே கூப்பிட்டார். எல்லா மருத்துவமனையிலும் இப்படிச் செய்வதில்லை. செய்ய வேண்டும் என்பது என் கட்சி.

கவுன் மாட்டிக்கொண்டு கால்மாட்டில் நின்றார். முதலில் நூறு சதவீத ஆக்சிஜன் கொடுத்து ரத்தம் எடுத்தார்கள். பிறகு வென்டிலேட்டரைக் கழற்றிவிட்டு, தொண்டைக் குழாய் வழியாக மெல்லிய ட்யூப் ஒன்றில் ஆக்சிஜன் மட்டும் போகவிட்டார்கள். போர்வையை இடுப்பு வரை விலக்கினார்கள். இனி நெஞ்சும் வயிறும் தானாக அசைகிறதா என்று பார்ப்பது மட்டும்தான் வேலை. உடம்பில் கார்பன் டை ஆக்சைடு சேரச் சேர, மூளைத்தண்டில் கொஞ்சம் உயிர் இருந்தாலும் மூச்சை இழுத்தே தீரும். எட்டு நிமிடம். டாக்டர், சிஸ்டர், நான், பெரியப்பா, நான்கு பேர் கண்ணும் ஒரே இடத்தில். அவர் உதடு மட்டும் ‘சிவாயநம’ என்று அசைந்துகொண்டிருந்தது. அசைவு இல்லை. மறுபடி ரத்தம் எடுத்தார்கள். கார்பன் டை ஆக்சைடு அழுத்தம் 60-ஐத் தாண்ட வேண்டும், நன்றாகவே தாண்டியிருந்தது. வென்டிலேட்டரைத் திரும்ப மாட்டினார்கள். நெஞ்சு மறுபடி ஏறி இறங்கியது. அப்போதுதான் பெரியவர் வாயைத் திறந்தார்.

“எங்க ஊருல பெருசுக மூக்குக்கிட்ட பஞ்ச வச்சுப் பாப்பாக. அதத்தான நீங்களும் பாத்தீக?”

“அதேதான் பெரியவரே. கூட ரத்தத்தையும் ஒரு தடவை கேட்டுக்கிட்டோம்” என்றார் டாக்டர்.

வெளியே வந்து அவர்தான் குடும்பத்துக்குச் சொன்னார். நானோ டாக்டரோ சொன்னால் அது செய்தி. அவர் சொன்னபோது எல்லோரும் அழ ஆரம்பித்தார்கள். அழுகை வந்துவிட்டது என்றால் நம்பிவிட்டார்கள் என்று பொருள்.

அதற்காக, பஞ்சே போதும், அந்தக் காலத்திலேயே எல்லாம் தெரியும் என்று கிளம்பிவிடக் கூடாது. கட்டுவிரியன் கடித்து வருகிறவர்களை ஐசியூவில் வேலை பார்த்த எல்லோருக்கும் தெரியும். இமை தூக்காது, கண்மணி விரிந்து வெளிச்சத்துக்குச் சுருங்காது, கை கால் அசையாது, மூச்சு நின்றிருக்கும். பஞ்சு என்ன, டார்ச்சும் ஏமாந்து போகும். வென்டிலேட்டரில் வைத்து விஷமுறிவு மருந்து கொடுத்தால் சில நாளில் எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்பார்கள். அதனால்தான் விஷம், தூக்க மருந்து, உடம்பு குளிர்ந்து போயிருப்பது, ரத்தத்தில் உப்புச் சர்க்கரைக் கோளாறு எதுவும் இல்லை என்று உறுதி செய்யாமல் பரிசோதனையைத் தொடங்கவே கூடாது என்று வைத்திருக்கிறார்கள்.

இரண்டு பரிசோதனைக்கும் நடுவில் உள்ள அந்த ஆறு மணி நேரத்தில் எல்லாச் சாமியும் வராண்டாவுக்கு வந்துவிடும். பாண்டி கோயில் விபூதி, தர்காவில் ஓதிய தண்ணீர், சர்ச்சிலிருந்து எண்ணெய். ஜோசியர் ஒருவர் போனில், ‘வியாழக்கிழமை தாண்டிட்டா கண்டம் இல்ல’ என்றாராம். விபூதியை நெற்றியில் வைக்க எங்கள் சிஸ்டர்கள் விடுவார்கள், தண்ணீரை வாயில் ஊற்ற விடமாட்டார்கள். எனக்கு நானே வைத்துக்கொண்ட விதி, அந்த நேரத்தில் தானம் என்ற பேச்சை நானாக எடுப்பதில்லை. குடும்பமே கேட்டால், ‘டாக்டர்கள் முடிவு சொல்லட்டும், அப்புறம் பேசுவோம்’ என்பதோடு சரி.

இறந்த நேரம் எது என்பதில் ஒரு சிக்கல் வரும். இதைப் புத்தகத்தில் படித்திருக்க மாட்டீர்கள். சட்டப்படி இரண்டாவது பரிசோதனை முடிந்த நேரம்தான் இறந்த நேரம். உறுப்புகளை எடுக்கும்போது ஓடியில், அதாவது ஆபரேஷன் தியேட்டரில், இதயம் நிற்பது சில சமயம் அடுத்த நாள். வருஷத் திதி எதை வைத்து? அதைவிடப் பெரிய கவலை, இறந்த நட்சத்திரம். அவிட்டம் முதல் ரேவதி வரை ஐந்து நட்சத்திரத்தில் இறந்தால் அடைப்பு என்று மாதக்கணக்கில் வீட்டில் அறையைப் பூட்டி வைப்பார்கள். நேரத்தைக் கொஞ்சம் தள்ளிப் போட முடியுமா என்று ஒரு குடும்பம் கேட்டது. படித்த குடும்பம்தான். முடியாது என்று சொல்லிவிட்டோம். அதில் இரக்கத்துக்கு இடம் இல்லை. அந்த ஒரு எண்ணை வளைத்தால் அந்தத் தாளில் உள்ள மற்ற எதையும் யாரும் நம்ப வேண்டியதில்லை. ஆனால் இரண்டு நேரத்தையும் துல்லியமாக எழுதிக் கொடுத்து, ‘உங்கள் குருக்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்’ என்றேன். அவர் இதயம் நின்ற நேரத்தை எடுத்துக்கொண்டாராம். சான்றிதழில் ஒரு நேரம், திதிக்கு ஒரு நேரம். யாருக்கு என்ன நஷ்டம்?

அறிவியல் பக்கம் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு ஜப்பானைத்தான் சொல்ல வேண்டும். 1968-ல் சப்போரோவில் வாடா ஜூரோ என்ற சர்ஜன் அந்த நாட்டின் முதல் இதய மாற்று அறுவையைச் செய்தார். வாங்கிக்கொண்டவர் 83 நாள் இருந்தார். இதயம் கொடுத்தவர் உண்மையிலேயே இறந்திருந்தாரா, அதை யார் எப்படிச் சோதித்தார்கள் என்ற கேள்வி பிறகு எழுந்தது. சரியான பதில் இல்லை. கொலைப் புகார் வரை போய், வழக்கு நிற்கவில்லை. ஆனால் நம்பிக்கை போய்விட்டது. 1997-ல் தனிச் சட்டம் வந்து, 1999-ல்தான் அங்கே அடுத்த இதயத்தை மாற்ற முடிந்தது. ஜப்பானியர்களின் மரபு இடம் கொடுக்கவில்லை, அவர்கள் இறந்த உடலைத் தொட விடமாட்டார்கள் என்று அதற்குக் காரணம் சொல்வார்கள். அதில் கொஞ்சம் உண்மை இருக்கலாம். எனக்கென்னவோ பழியை மரபின் தலையில் போட்டுவிட்டு டாக்டர்களைத் தப்பவிட்ட கதையாகத்தான் படுகிறது. உறுப்பைப் பொருத்துகிற குழுவில் இருப்பவர் இறப்புச் சான்றில் கையெழுத்துப் போடக் கூடாது என்று இன்றைக்கு இருக்கிற விதியை, இப்படிப் பட்டுத்தான் உலகம் கற்றது.

முஸ்லிம் குடும்பங்களில் பேச்சு வேறு மாதிரி போகும். ஒரு தடவை ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்த குடும்பத்தோடு ஜமாஅத்தின் மார்க்க அறிஞரான ஹஜ்ரத்தும் வந்திருந்தார். அமைதியானவர். மூளைச்சாவைப் பற்றி எனக்குச் சொல்லிக்கொடுக்கிற அளவுக்கு அவருக்குத் தெரிந்திருந்தது. 1986-ல் அம்மானில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் (மார்க்கச் சட்ட) அகாதமி அதை இறப்பாக ஏற்றதையும், ஏற்காத அறிஞர்கள் இருப்பதையும் அவரே அந்த வாப்பாவிடம் மறைக்காமல் சொன்னார். ‘முடிவு உங்களோடது’ என்றார். அவர்களுடைய கவலை வேறு. இறந்தவரின் எலும்பை உடைப்பது உயிரோடு இருப்பவரின் எலும்பை உடைப்பதற்குச் சமம் என்ற நபிமொழி. உடலை எப்படித் திருப்பித் தருவீர்கள், குளிப்பாட்டுகிறவர்கள் பார்த்துக் கலங்கும்படி இருக்குமா, அடக்கம் எவ்வளவு தள்ளிப்போகும்?

நியாயமான கேள்விகள். விபத்து கேஸ் என்பதால் போலீஸ் விசாரணையும் போஸ்ட்மார்ட்டமும் எப்படியும் உண்டு என்பதைச் சொன்னேன். நேரத்தை மணிக்கணக்கில் பிரித்துச் சொன்னேன். ஓடியில் சர்ஜனிடம் போய் இந்தக் கவலையை அப்படியே ஒப்பித்தேன். உயிரோடு இருக்கிறவருக்குப் போடுவதைப் போலவே தையல் போட்டார்கள். டிரெஸ்ஸிங் ஒட்டி, உடம்பை வெந்நீரில் துடைத்து, முகத்தில் பிளாஸ்டர் தடம் இல்லாமல் எடுத்துவிட்டுக் கொடுத்தார்கள். கண் கொடுத்தாலும் முகம் மாறுவதில்லை, பல இடங்களில் கருவிழியை மட்டும்தான் எடுக்கிறார்கள். அன்றிலிருந்து எங்கள் ஓடியில் எல்லோருக்கும் அதே தையல்தான். எந்த மருத்துவக் கையேட்டைப் பார்த்தும் இது வரவில்லை. ஒரு நபிமொழியிலிருந்து வந்தது. இன்றைக்கு ஓர் இந்துப் பையனின் உடலும் அதன் பலனோடு வீட்டுக்குப் போகிறது.

கறுப்புச் சட்டைக்காரர் ஒருவரையும் சொல்ல வேண்டும். உள்ளே இருந்தது அவர் மகள். நான் பேச்சை எடுக்கும் முன்பே அவர் எடுத்துவிட்டார். ‘சடங்கு, கருமாதி எதுவும் கெடையாதும்மா. உறுப்பு எல்லாத்தையும் எடுத்துக்கங்க, ஒடம்ப மெடிக்கல் காலேஜுக்குக் குடுத்துருங்க.’ போஸ்ட்மார்ட்டம் ஆன உடலை உடற்கூறியல் துறை பொதுவாக வாங்குவதில்லை என்று விளக்கினேன். ஏமாற்றம்தான் அவருக்கு. எங்கள் பேச்சு முடிந்து அவர் டீ குடிக்கப் போனதும் அவர் மனைவி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ‘கால் கட்டைவெரல் ரெண்டையும் சேத்துக் கட்டிவிடச் சொல்லுங்க சிஸ்டர், அவருக்குத் தெரிய வேணாம்’ என்றார். கட்டினோம். அவரும் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

இந்த மூன்று குடும்பமும் கையெழுத்துப் போட்டது ஒரே படிவத்தில். உயிர் கூடு விட்டுப் போய்விட்டது, கூடு யாருக்காவது ஆகட்டும் என்று பெரியப்பா. ஓர் உயிரைக் காப்பவர் மனித குலத்தையே காத்தவர் என்று வாப்பா. செத்த பிறகு ஒன்றும் இல்லை, அதனால் வீணாகக் கூடாது என்று கறுப்புச் சட்டைக்காரர். இவர்களை ஒரு மேடையில் உட்காரவைத்து, உயிர் என்றால் என்ன என்று ஒத்த கருத்துக்கு வரச் சொன்னால் பொழுது விடிந்துவிடும். செய்ய வேண்டியதில் ஒத்துப்போனார்கள், ஏன் என்பதில் ஒத்துப்போகவில்லை, ஒத்துப்போக வேண்டிய அவசியமும் இல்லை. பொது அறம் என்று நான் பார்த்தது இவ்வளவுதான். எந்த வரிசையில் செய்வது, யார் எதைச் செய்யக் கூடாது, எதை முதலில் சொல்வது, உடலை எப்படித் திருப்பித் தருவது. டாக்டர்கள் சிலவற்றைக் கொண்டுவந்தார்கள், சிலவற்றை வேட்டி கட்டியவர்களும் தொப்பி போட்டவர்களும் கொண்டுவந்தார்கள்.

மறுத்தவர்களும் உண்டு. ‘அடுத்த பிறவியில கண்ணில்லாம பொறந்துட்டா?’ என்று ஒரு அம்மா கேட்டார். கண்ணப்பர் கதை நாக்கு நுனிக்கு வந்தது, சொல்லவில்லை. ‘உங்க மனசுக்குச் சரின்னு படாததைச் செய்ய வேணாம்மா’ என்று எழுந்துவிட்டேன். என்னோடு வேலை பார்த்த ஒருவர் அப்படியான நேரத்தில் சிபிச் சக்கரவர்த்தி, கர்ணன் என்று எல்லோரையும் இறக்குவார். எனக்கு அது ஒப்பவில்லை. எங்கள் வராண்டாச் சுவரிலேயே ‘என்பும் உரியர் பிறர்க்கு’ என்று குறள் எழுதிய போஸ்டர் ஒட்டியிருக்கிறது. அந்தக் குறளில் குறை இல்லை. ஆனால் பிள்ளையை உள்ளே வைத்துவிட்டு வெளியே நிற்கிற தகப்பன் கண்ணில் படும் இடத்திலா அதை ஒட்டுவது? ‘அன்புடையார்’ பட்டம் வேண்டுமென்றால் கையெழுத்துப் போடு என்பது மாதிரி ஆகிவிடுகிறது. அதைப் பள்ளிக்கூடத்திலும் ஆர்டிஓ ஆபீஸிலும் ஒட்ட வேண்டும். ஆன்மிகத்தைப் பேரம் பேசப் பயன்படுத்தினால் அது ஆன்மிகமாக இருக்காது.

சரியான நேரத்தில், அதாவது யாரும் சாகாத நேரத்தில், பேசினால் என்ன ஆகும் என்பதற்கு இலங்கை பக்கத்திலேயே இருக்கிறது. ஹட்சன் சில்வா என்ற டாக்டர் 1961-ல் கண்தான சங்கத்தைத் தொடங்கினார். பௌத்த மரபில் தானம் என்பதற்கு உள்ள இடத்தை அவர் நன்றாக அறிந்திருந்தார். பிக்குகள் பேசினார்கள், ஊர் ஊராகப் பதிவு நடந்தது. 1964-ல் சிங்கப்பூருக்குக் கண்கள் போயின. அதன் பிறகு எத்தனையோ நாடுகளுக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. ஜனாதிபதியாக இருந்த ஜெயவர்த்தனேயின் கண்களும் போயின. அந்தச் சின்ன நாட்டில் போரும் ரத்தமும் நடந்த காலத்திலும் இது நிற்கவில்லை என்பதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று எனக்குப் புரிந்ததில்லை.

தமிழ்நாட்டுக்கு 2008 ஒரு திருப்பம். திருக்கழுக்குன்றத்து டாக்டர் தம்பதி, விபத்தில் மூளைச்சாவு அடைந்த தங்கள் மகன் ஹிதேந்திரனின் உறுப்புகளைக் கொடுத்தார்கள். பதினைந்து வயதுப் பையன். அதே வருடம் அரசாணைகள் வந்தன, பொதுவான காத்திருப்போர் பட்டியல் வந்தது. 2014-ல் அதற்குத் தனி ஆணையமே வந்தது. 2023 செப்டம்பரில், உறுப்பு கொடுத்தவர்களுக்கு அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு என்று முதலமைச்சர் அறிவித்தார். எனக்கு முதலில் அதில் பெரிய நாட்டம் இல்லை. சாவில் எதற்கு அரசாங்கம் என்று நினைத்தேன். ஆனால் ஊரில், ‘மகன் கிட்னிய வித்துட்டாய்ங்க’ என்று ஒரு பேச்சு கிளம்பும், பல குடும்பங்கள் அதற்குப் பயந்தே மறுக்கும். கலெக்டர் மாலையோடு வாசலில் வந்து நிற்கும்போது அந்தப் பேச்சு வாயை மூடிக்கொள்கிறது. ஒரு காலத்தில் சென்னை வில்லிவாக்கத்தையே ‘கிட்னிவாக்கம்’ என்று சொல்லும்படி வியாபாரம் நடந்த மாநிலம் இது. சந்தேகத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை.

யார் கொடுக்கிறார்கள், யாருக்குப் போகிறது என்பதும் இதோடு சேர்ந்ததுதான். 2018-ல் வெளிநாட்டு நோயாளிகளுக்கு இங்கிருந்து இதயங்கள் போகின்றன என்று பெரிய சர்ச்சை வந்தது. வராண்டாவில் உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் கூலி வேலை, லோடு ஆட்டோ, டெய்லர் கடை. வாங்குகிறவர்களில் இவர்களைப் போன்றவர்களும் இருக்கிறார்கள், முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் அரசு மருத்துவமனையிலும் மாற்று அறுவை நடக்கிறது. ஆனாலும் தட்டு சமமாக இருக்கிறது என்று நான் சொல்ல மாட்டேன்.

இப்போது என் தலையைக் குடைகிற விஷயத்துக்கு வருகிறேன்.

1994 சட்டம் மூளைத்தண்டுச் சாவை இறப்பு என்று ஏற்றது, ஆனால் உறுப்பு மாற்றுக்கான சட்டத்துக்குள் வைத்து ஏற்றது. பிறப்பு இறப்புப் பதிவுக்கான 1969 சட்டத்தில் இறப்பு என்பதற்கு உள்ள விளக்கத்தில் மூளையைப் பற்றிப் பேச்சே இல்லை. அதனால் நடைமுறையில் என்ன ஆகிறது தெரியுமா? குடும்பம் சம்மதித்தால் அவர் இறந்தவர். மறுத்தால், அதே நான்கு கையெழுத்து இருந்தும், பல மருத்துவமனைகள் வென்டிலேட்டரை எடுக்கத் தயங்கி, இதயம் தானாக நிற்கும் வரை நோயாளியாகவே வைத்திருக்கின்றன. கேரளம் 2020-ல் இதைப் பிரித்துவிட்டது. தானம் உண்டோ இல்லையோ, மூளைச்சாவு என்றால் சாவுதான், அதைச் சான்று செய்வதற்கும் தானத்துக்கும் முடிச்சுப் போடாதே என்று வழிகாட்டு நெறி வெளியிட்டது. அமெரிக்காவில் நியூஜெர்ஸி 1991-லேயே வேறு வழி பிடித்தது. மத நம்பிக்கைப்படி மூளைச்சாவை ஏற்காதவர் என்றால், அவருக்கு இதயம் நின்றால்தான் இறப்பு என்று சட்டத்திலேயே விலக்கு கொடுத்தது. இரண்டில் எது சரி என்று வாதாடலாம். இரண்டும் நேர்மையானவை. நம்முடையது மட்டும் குடும்பத்தின் பதிலைப் பார்த்துவிட்டு உயிர் இருக்கிறதா இல்லையா என்று சொல்கிறது.

இதோடு பில் சேர்ந்துகொள்கிறது. 2014 விதிகளின்படி, தானத்துக்கு ஒப்புக்கொண்ட குடும்பத்திடம் அதன் பிறகு உடலைப் பராமரிக்கவோ உறுப்பை எடுக்கவோ பணம் வாங்கக் கூடாது. நல்ல விதி. மறுத்த குடும்பத்துக்கு மீட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். ஐசியூ வாடகை, வென்டிலேட்டர், மருந்து. தாலியை அடகு வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறவர்களிடம், சரி என்றால் பில் நிற்கும், இல்லை என்றால் ஓடும் என்ற நிலைமையை வைத்துக்கொண்டு நான் போய், ‘உங்க விருப்பம்தான், கட்டாயம் இல்ல’ என்று சொல்கிறேன். வார்த்தை உண்மை. நிலைமை உண்மை இல்லை. இதற்கு எந்தச் சாமியையும் துணைக்குக் கூப்பிட முடியாது, எந்தப் பரிசோதனையாலும் சரி செய்ய முடியாது. கணக்குப் பிரிவில் ஒரு உத்தரவு போட்டால் சரியாகிவிடும்.

இரண்டாவது பரிசோதனை முடிந்த நேரம் சான்றிதழில் எழுதியிருக்கிறது. அந்த நிமிடத்தோடு பில்லை மூடிவிட வேண்டும், சம்மதித்தாலும் மறுத்தாலும். அதற்குப் பிறகுதான் நான் வராண்டாவுக்குப் போக வேண்டும். இதை எங்கள் நெறிமுறைக் குழுவில் எழுத்தில் வைத்திருக்கிறேன். கணக்குப் பிரிவிலிருந்து, வருடத்துக்கு எவ்வளவு இழப்பு வரும் என்று கேட்டிருக்கிறார்கள். பழைய கேஸ் ஷீட்களைப் பார்த்து, மறுத்த குடும்பங்களுக்கு இரண்டாவது பரிசோதனைக்குப் பிறகு எவ்வளவு பில் போட்டிருக்கிறோம் என்று கூட்டிக்கொண்டிருக்கிறேன். அடுத்த கூட்டத்துக்கு அந்தக் கணக்கோடு போகிறேன்.